எறும்புப் பெட்டியின் ஈரப்பதன்: ‘60 வீதம்’ என்ற எண் யாழ்ப்பாணத்தில் ஏன் பொருந்துவதில்லை?

கண்ணாடிப் பெட்டியிலோ சோதனைக்குழாயிலோ எறும்பு வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளும் அவர்களுக்கு உதவும் பெற்றோரும் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளையே நம்பியிருக்கிறார்கள். அக்குறிப்புகளில் ஒவ்வோர் எறும்பினத்துக்கும் நேரே ஓர் எண் இருக்கும்: ஈரப்பதன் 50 முதல் 60 வீதம், அல்லது 60 முதல் 70 வீதம். அந்த எண்ணைப் பிடித்து வைப்பதற்காக ஈரமானி வாங்கி, குறைத்துக் காட்டினால் தண்ணீர் தெளித்து, கூட்டிக் காட்டினால் மூடியைத் திறந்து பாடுபட்ட பிறகும், முட்டைகள் வற்றியோ பூஞ்சணம் பிடித்தோ கூடு அழிந்துபோகும்போது, எண்ணைச் சரியாகத்தானே வைத்திருந்தோம் என்ற குழப்பமே மிஞ்சுகிறது. வளர்ப்பவரின் கவனக்குறைவு இதற்குக் காரணமாவது அரிது. அந்த எண் எதை அளக்கிறது, பெட்டியின் எந்த மூலையில் அளக்கிறது, எந்த வெப்பநிலைக்கு உரியது என்பவற்றை அக்குறிப்புகள் சொல்லாமல் விடுவதே முதன்மைக் காரணம்.

முதலில் சில சொற்கள்

1. ஈரப்பதன் என்பது காற்றில் கலந்திருக்கும் நீராவி. ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை கிராம் நீராவி இருக்கிறது என்று இதனை அளக்கலாம்.

2. சாரீரப்பதன் என்பது, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய முழு நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதை வீதத்தில் சொல்லும் எண். கடையில் விற்கும் ஈரமானி காட்டுவதும், வளர்ப்புக் குறிப்புகளில் எழுதப்பட்டிருப்பதும் இந்த எண்தான்.

3. எறும்புப் பெட்டிக்குப் பொதுவாக இரண்டு பகுதிகள் உண்டு. இராணியும் முட்டைகளும் இருக்கும் இருண்ட அறைகளை இங்கே ‘கூடு’ என்றும், உணவு வைக்கும் திறந்த பகுதியை ‘வெளிப்பெட்டி’ என்றும் குறிப்பிடுகிறேன். இவ்விரண்டின் ஈரத்தையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் தவறுகள் பல.

4. முட்டையிலிருந்து வரும் புழுவைப் பாடநூல் குடம்பி என்கிறது. அது வளர்ந்து எறும்பாக மாறுவதற்காக அசையாமல் கிடக்கும் நிலை கூட்டுப்புழு. பலர் ‘எறும்பு முட்டை’ என்று சொல்லும் பெரிய வெள்ளை மணிகள் உண்மையில் கூட்டுப்புழுக்களே. முட்டைகள் அவற்றைவிட மிகச் சிறியவை.

ஒரே காற்று, இரண்டு எண்கள்

சூடான காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும். 20 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியையும், 26 பாகையில் 24 கிராமையும், 33 பாகையில் 36 கிராமையும் தாங்கும். ஆகவே காற்றில் உள்ள நீர் ஒரு துளியும் கூடாமல் குறையாமல் இருக்கும்போதே, வெப்பநிலை மாறினால் ஈரமானியின் எண் மாறிவிடும்.

விடியற்காலையில் அறையின் வெப்பநிலை 26 பாகையும் ஈரமானி 90 வீதமும் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அக்காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கிறது. நண்பகலுக்குப் பின் அதே காற்று 33 பாகைக்குச் சூடேறினால், அதே 22 கிராம் இப்போது 62 வீதமாகத்தான் தெரியும். காலையில் அந்தக் காற்று இன்னும் 2 கிராம் சொச்சம் நீரையே ஏற்கும் நிலையில் இருந்தது. பிற்பகலில் 14 கிராமுக்கு அண்மித்த அளவை உறிஞ்ச ஆயத்தமாக நிற்கிறது. பெட்டியின் ஈரத்தை எறும்பிடமிருந்தும் சுவரிலிருந்தும் இழுத்தெடுப்பது இந்த ‘ஏற்கும் இடம்’ என்பதால், எண்ணைவிட இதுவே முக்கியமானது.

இதே கணக்குத்தான் வெளிநாட்டுக் குறிப்புகள் நமக்குப் பொருந்தாமைக்கும் காரணம். 20 பாகையில் இருக்கும் ஓர் ஐரோப்பிய வீட்டில் 60 வீதம் என்றால், ஒரு கன மீற்றர் காற்றில் நிரம்ப இன்னும் 7 கிராமுக்கு இடமுண்டு. 33 பாகையில் தகிக்கும் நம் வீட்டில் அதே 60 வீதம் என்றால் 14 கிராமுக்கு இடமுண்டு. எண் ஒன்றே, உலர்த்தும் வலிமை இரு மடங்கு. அதோடு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுவதால் வறண்டுபோகும் காற்றை எதிர்கொள்வதற்காக எழுதப்பட்ட அறிவுரைகள் அவற்றில் நிறைய உண்டு. கடல் சூழ்ந்த குடாநாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நமக்கு வேறு சிக்கல்கள் உண்டு.

எறும்புக்கு ஈரம் எதற்கு?

உடல் சிறிதாகச் சிறிதாக, அதன் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு பெரிதாகிறது. எனவே எறும்பைப் போன்ற சிற்றுயிர் விரைவாக நீரை இழக்கும். வளர்ந்த எறும்பின் தோலின் மேல் மெல்லிய மெழுகுப் படை ஒன்று உண்டு. அது நீரிழப்பைப் பெரிதும் தடுக்கிறது. முட்டைக்கும் இளங்குடம்பிக்கும் அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. அவை எழுந்து சென்று தண்ணீர் குடிக்கவும் இயலாதவை. ஆகவே கூட்டில் ஈரம் குறைந்தால் முதலில் சாவது அவைதான். வேலைக்கார எறும்புகள் வழக்கம்போல ஓடித் திரிவதைப் பார்த்து எல்லாம் நலம் என்று முடிவு செய்வது இதனால்தான் பிழையாகிறது.

மறுபுறத்தில், பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களுக்கு அத்தனை ஈரம் தேவையில்லை. கட்டெறும்பு வகைகளில் இப்பட்டுக்கூடுகள் இளம்பழுப்பு நிற அரிசிமணி போலத் தெரியும். எறும்புகள் அவற்றை முட்டைகளிலிருந்து பிரித்துச் சற்று உலர்ந்த அறைகளில் அடுக்கி வைப்பதைக் கண்ணாடி வழியாகவே காணலாம். விதைகளைச் சேர்த்து வைக்கும் இனங்களுக்கோ களஞ்சிய அறை உலர்ந்தே இருக்க வேண்டும். ஈரம் பட்டால் விதை முளைத்துவிடும். ஒரே குடும்பத்துக்குள் ஒரே நாளில் ஈர அறையும் உலர் அறையும் வேண்டியிருக்கும்போது, ‘இந்த இனத்துக்கு 60 வீதம்’ என்ற ஒற்றை எண்ணுக்குப் பொருள் இல்லை.

எறும்புகள் ஈரத்தை உணர்ந்து இடம் மாறுபவை என்பது நம்மவர்களுக்குப் புதிய செய்தி அன்று. எறும்பு முட்டையைக் கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மழைக்கணிப்பு எத்தனை தடவை பலித்தது என்பது இங்கே தேவையில்லை. முட்டையைத் தூக்கிக்கொண்டு பொருத்தமான ஈரத்தைத் தேடிப் போகும் இயல்பு எறும்புக்கு உண்டு என்பதே நமக்கு வேண்டியது. அவ்வியல்புக்குப் பெட்டியில் இடம் விட வேண்டும்.

ஈரத்தைச் சேமிப்பது சுவர்

பெட்டிக்குள் இருக்கும் காற்று எவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நீளம் 10, அகலம் 10, உயரம் 1 சென்ரிமீற்றர் உள்ள கூட்டின் கொள்ளளவு 100 கன சென்ரிமீற்றர். 30 பாகையில் அந்தக் காற்று முற்றாக நிரம்பியிருந்தாலும் அதில் உள்ள நீர் ஏறத்தாழ 3 மில்லிகிராம் மட்டுமே. சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு துளி தண்ணீரின் நிறை ஏறக்குறைய 50 மில்லிகிராம். அதாவது, கூடு முழுவதும் உள்ள காற்றை நிரப்பத் தேவையானதைப் போல 16 மடங்கு நீர் ஒரே ஒரு துளிக்குள் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. தெளிப்பானால் நீரைப் புகையாகத் தெளித்து ஈரப்பதனை ‘ஏற்றுவது’ நிலைக்காது. காற்றுத்துளை வழியாக அந்த ஈரம் விரைவில் வெளியேறிவிடும், தெளித்த துளிகள் மட்டும் எறும்பின் காலில் ஒட்டும். சிறிய எறும்பொன்றுக்கு ஒரு நீர்த்துளியின் பரப்பு இழுவிசையே சிறை; அதிலிருந்து அது மீளாமல் போகலாம். அடுத்து, கூட்டின் ஈரத்தைத் தீர்மானிப்பவை ஈரத்தைப் பிடித்து வைத்து மெல்லப் பொசியவிடும் பொருளும் காற்றுத்துளையின் பரப்பும் ஆகிய இரண்டுமே. மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

பொசியவிடும் பொருளாகப் பலரும் பிளாஸ்ரர் ஒப் பரிஸ் வார்க்கிறார்கள். அது நுண்துளைகள் நிறைந்தது. ஒரு மூலையில் ஊற்றிய நீரை மயிர்த்துளைக் கவர்ச்சியால் மற்ற இடங்களுக்கு இழுத்துச் செல்லும். ஆனால் மென்மையானது; நெடுநாள் ஈரமாகவே இருந்தால் சில எறும்புகள் அதைக் கடித்துத் துளைத்துவிடும். என் கருத்தில் இங்கே அதைவிட நல்லது, மெருகு பூசாத சுட்ட மண். உடைந்த பானை ஓட்டிலோ செங்கல்லிலோ ஒரு துண்டை அராவிக் கூட்டின் ஒரு முனையில் பதித்து, அதன் மறுபக்கத்தில் நீர் ஊற்றும் சிறு பள்ளம் அமைத்துவிட்டால், மண்பானையின் வெளிப்புறம் வியர்ப்பது போல அது மெதுவாக ஈரத்தை உள்ளே விடும். கடிபடாது. கழுவிக் கொதிநீரில் இட்டு மீண்டும் பயன்படுத்தலாம்.

ஒரு முனை ஈரம், மறு முனை உலர்வு

கூடு முழுவதையும் ஒரே அளவில் நனைக்காமல், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஈரம் படிப்படியாகக் குறையும்படி அமைப்பதே இதற்குத் தீர்வு. நீர் ஊற்றும் இடம் ஒரு முனையில் இருக்க வேண்டும். காற்றுத்துளைகள் எதிர் முனையில் இருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஊற்றிய நீர் கூட்டுக்குள் பரவாமலே வெளியேறிவிடும். கூட்டின் மூன்றில் ஒரு பங்கு தெளிவாக ஈரமாகவும் இன்னொரு பங்கு தெளிவாக உலர்ந்தும் இருந்தால் போதும். இடையில் என்ன வீதம் என்பதை எறும்புகளே தேர்ந்துகொள்ளும்.

குடிநீரை இதிலிருந்து பிரிக்க வேண்டும். வெளிப்பெட்டியில் பஞ்சால் அடைத்த சிறு நீர்க்குழாய் ஒன்று எப்போதும் இருக்கட்டும். அது இருந்தால், கூட்டை ஈரமாக வைப்பதில் ஓரிரு நாள் தவறினாலும் எறும்புகள் தாகத்தால் சாகா. தாகத்துக்காகக் கூட்டை அளவுக்கு மிஞ்சி நனைக்க வேண்டிய தேவையும் வராது.

எவ்வளவு நீர் ஊற்றுவது என்பதற்குச் சிறிய இலத்திரனியல் தராசு ஈரமானியைவிட நம்பகமான கருவி. கூட்டை வெளிப்பெட்டியிலிருந்து பிரித்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் 2 கிராம் குறைந்திருந்தால், வெளியேறிய நீர் ஏறத்தாழ 2 மில்லிலீற்றர். ஒரு வாரத்துக்கு இப்படிக் குறித்து வைத்தால், அந்தக் கூடு அந்த அறையில் அந்தப் பருவத்தில் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது வேறெவரின் குறிப்பும் இன்றித் தெரிந்துவிடும்.

ஈரமானியை உப்பால் சோதித்தல்

மலிவான ஈரமானிகள் 5 வீதம் கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணம். அதனைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. சாதாரண உப்பு நீரோடு சேர்ந்து ஈரக் குழம்பாக இருக்கும்போது, மூடிய இடத்தின் சாரீரப்பதனை ஏறத்தாழ 75 வீதத்தில் நிறுத்தி வைக்கும். நம் அறை வெப்பநிலைகளில் இவ்வெண் அதிகம் மாறுவதில்லை.

1. போத்தல் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பிச் சில துளி நீர் விடவும். உப்பு நனைந்த மணல் போல இருக்க வேண்டும். கரைந்து நீராகிவிடக் கூடாது.

2. மூடியையும் ஈரமானியையும் ஒன்றோடொன்று தொடாதபடி, காற்றுப் புகாத தெளிவான டப்பாவில் வைத்து மூடவும்.

3. வெயில் படாத இடத்தில் ஓர் இரவு வைத்திருந்து, மூடியைத் திறக்காமலே எண்ணைப் பார்க்கவும். 81 காட்டினால் உங்கள் கருவி 6 கூட்டிக் காட்டுகிறது. இனி எப்போதும் 6 ஐக் கழித்துப் படிக்கவும்.

இதற்குக் கல்லுப்பு ஏற்றதன்று. சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் எண் கீழே நகரும். மாரிகாலத்தில் சமையலறையின் கல்லுப்புச் சாடி தானாகக் கசிவதற்கும் இவ்வுப்புகளே பெரிய காரணம். தூய தூளுப்பும் நனையத் தொடங்கிவிட்டால், அறையின் சாரீரப்பதன் 75 ஐத் தாண்டிவிட்டது என்று கருவியில்லாமலே கொள்ளலாம்.

சோதித்த கருவியாயினும் அது வெளிப்பெட்டியில் தொங்கினால் வெளிப்பெட்டியின் ஈரத்தைத்தான் சொல்லும். அதற்கு 3 சென்ரிமீற்றர் அப்பால் கூட்டுக்குள் ஈரம் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும்.

எறும்புகள் காட்டும் அறிகுறிகள்

1. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு எல்லாம் ஈரப் பஞ்சின் மீதோ ஈரச் சுவரோரமோ ஒரே குவியலாக நெருக்கி வைக்கப்பட்டிருந்தால் மற்ற இடங்கள் உலர்ந்துவிட்டன.

2. அவை யாவும் கூட்டின் உலர்ந்த கோடிக்கோ வெளிப்பெட்டிக்கோ சுமந்து செல்லப்பட்டால் கூட்டில் ஈரம் மிஞ்சிவிட்டது, அல்லது பூஞ்சணம் தொடங்கிவிட்டது.

3. குடம்பிகளின் தோல் சுருங்கிப் பளபளப்பு இழந்திருந்தால் நிலைமை அவசரமானது. அன்றே நீர் விட வேண்டும்.

4. முட்டைகள் ஓரிடத்திலும் கூட்டுப்புழுக்கள் வேறிடத்திலும் பிரித்து அடுக்கப்பட்டிருந்தால், கூட்டில் தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. எதையும் மாற்ற வேண்டாம்.

வெளிச்சமும் சூடும் கூட எறும்புகளை இடம்பெயரச் செய்யும். ஈரச் சுவர் ஆவியாதலால் குளிர்ந்தும் இருக்கும் என்பதால், வெக்கைக்கு அஞ்சி அங்கே ஒதுங்குவதை ஈரத்துக்காக ஒதுங்குவதாக நினைக்க இடமுண்டு. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

பூஞ்சணத்தைப் பொறுத்தவரை, ஈரம் அதற்கு வழி திறக்கிறது. உணவு கொடுப்பது பெரும்பாலும் நாம். கூட்டுக்குள் இழுத்துச் செல்லப்பட்ட பூச்சித் துண்டும், பனங்கட்டிக் கரைசல் சிந்திய இடமும்தான் அது முளைக்கும் இடங்கள். மீந்த உணவை மறுநாளே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான எறும்புகளின் மார்பின் பின்புறத்தில் கிருமிகளையும் பூஞ்சணத்தையும் அடக்கும் சுரப்பி ஒன்று உண்டு. கட்டெறும்புகள் அடங்கும் பேரினத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. வளர்ப்பவர்கள் விரும்பித் தேடும் இனங்கள் அவையே என்பதால் இதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழிக் காலையில் ஒரு சோதனைக்குழாய்

புதிதாகப் பிடித்த இராணிக்குச் சோதனைக்குழாயே முதல் வீடு. அடியில் நீர், அதன்மேல் இறுக்கமான பஞ்சு, நடுவில் இராணி, வாயில் தளர்வான பஞ்சு. தன் உடற்சேமிப்பைக் கொண்டே முதற் பிள்ளைகளை வளர்க்கும் இனங்களின் இராணிக்கு இக்காலத்தில் உணவு தேவையில்லை, ஈரம் தேவை.

மார்கழி, தை மாதங்களில் விடியும்போது குழாயைப் பார்த்தால், கண்ணாடியின் உட்புறத்தில் முதலில் மங்கலான படலமும், சற்று நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்த துளிகளும் தெரியும். இராணி முட்டைக் கொத்தைத் தாடையில் கவ்வியபடி, துளிகள் இல்லாத வாய்ப் பஞ்சின் பக்கம் ஒதுங்கி நிற்கும். இரவில் கண்ணாடி குளிர்ந்ததால் உள்ளிருந்த நீராவி அதில் ஒடுங்கியிருக்கிறது. குழாயில் நீர் கூடிவிடவில்லை. அப்போது பஞ்சைப் பிடுங்கித் துடைப்பது இராணியைக் கலக்கும். குழாயை ஒரு தடித்த துணியில் சுற்றி, யன்னலையும் வெறுஞ் சீமெந்துத் தரையையும் விட்டு மரத் தட்டில் வைத்தால், மறுநாள் துளிகள் வெகுவாகக் குறைந்திருக்கும்.

இதைவிடக் கொடியது வெயில். நீர் குறையக் குறைய, பஞ்சுக்குப் பின்னால் காற்றுக்குமிழி பெருக்கும். அது 5 மில்லிலீற்றர் அளவில் இருக்கும்போது குழாய் 26 பாகையிலிருந்து 36 பாகைக்குச் சூடேறினால், காற்றின் விரிவும் நீராவி அமுக்கத்தின் ஏற்றமும் சேர்ந்து ஏறத்தாழ 6 துளி நீரைப் பஞ்சுக்கு ஊடாக உள்ளே தள்ளிவிடும். இராணி நிற்கும் இடத்துக்கு அது வெள்ளம். குழாயை ‘சற்று நேரம்’ யன்னலோரம் வைத்துப் பார்ப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆண்டு

ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தந்துவிடும். அப்போது அறைக்காற்றே ஈரமாக இருப்பதால் கூட்டுக்கு ஊற்றும் நீரைப் பாதிக்கும் கீழே குறைத்து, காற்றுத்துளைகளை முழுதாகத் திறந்துவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் காற்று அசையாது, வெக்கைதான் பகை. தகரக் கூரைக்கும் வெயிலேறிய சீமெந்துத் தட்டுக்கும் கீழுள்ள அறைகளைத் தவிர்த்து, ஓட்டு வீட்டின் உள்ளறையைத் தேர்வது நல்லது.

வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று வேறு விதம். ஈரமானி பெரிய மாற்றம் காட்டாதபோதும் கூடு விரைவாகக் காயும். வீசும் காற்று, ஈரப் பரப்பின் மேல் படிந்திருக்கும் நிரம்பிய காற்றை உடனுக்குடன் அள்ளிச் செல்வதே காரணம். மின்விசிறியின் கீழ் வைத்த பெட்டிக்கும் இதே கதிதான். இக்காலத்தில் துளைகளில் ஒரு பகுதியை நாடாவால் ஒட்டி மறைக்கலாம். குளிரூட்டிய அறையில் காற்றின் நீரே வெளியேற்றப்படுவதால், அங்கே தராசைப் பார்த்து நீரைக் கூட்ட வேண்டும்.

இனத் தேர்வும் இதனோடு சேர்ந்தது. தென்மேற்கு ஈரவலயக் காடுகளில், இரத்தினபுரிப் பக்கத்தில், இலைச் சருகுக்குள்ளும் உக்கிய தடிக்குள்ளும் வாழும் அனியூரீற்றஸ் சைமனி என்ற எறும்பு, தன் துணைக்குடும்பத்தில் உலகில் எஞ்சியிருக்கும் ஒரே இனம். அத்தகைய ஈரவலய உயிர்களை உலர்வலயத்துக்குக் கொண்டுவந்து பெட்டியில் அடைக்க எவரும் எண்ணக் கூடாது. முசுறும் பெட்டிக்கு உரியதன்று. உயிருள்ள இலைகளைக் குடம்பியின் பட்டால் தைத்து அந்த இலைகளின் ஈரத்திலேயே அது வாழ்கிறது. வளவில் தானாகத் திரியும் கட்டெறும்பு இந்தக் காற்றுக்குப் பழகியது.

எந்தத் தண்ணீர்?

சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கும் நம் கிணறுகளில் பல கடினநீர்க் கிணறுகள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே பானை ஓட்டின் நுண்துளைகளிலும் படியும். நீர் ஆவியாகிப் போய்விடும், சுண்ணாம்பு போகாது. சில மாதங்களில் ஊற்றிய நீர் உள்ளே சுவறாமல் பள்ளத்திலேயே தேங்கி நிற்கத் தொடங்கும். கூடு உலர்ந்துகொண்டிருக்க, நீர்ப்பள்ளமோ நிறைந்தே தெரியும்.

சுத்தமாகப் பிடித்த மழைநீர் இதற்கு மிக நல்லது. கூரையின் முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடித்துத் துணியில் வடித்துப் போத்தலில் வைக்கலாம். அது இல்லாதபோது கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் ஊற்றி எடுத்தால் கடினத்தின் ஒரு பகுதி நீங்கும், உவர் நீங்காது. உவர்க் கிணறாயின் போத்தல் நீரை வாங்கிப் பயன்படுத்துவதே மேல். ஒரு சிறு கூட்டுக்கு வாரத்தில் சில மில்லிலீற்றர்தான் தேவைப்படும்.